அழித்து எழுத ஒரு தட்டு

கல்யாண டிவிடி பீரோவில் பத்திரமாகத்தான் இருக்கிறது. போட்டுப் பார்க்கத்தான் வழியில்லை. டிவிடி பிளேயர் எப்போதோ பரணில் ஏறிவிட்டது. புது லேப்டாப்பை நாலாபக்கமும் திருப்பிப் பார்த்தாலும் தட்டு நுழைய ஒரு சந்து கிடையாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போய்க் கேட்டால், "எக்ஸ்டர்னல் ரைட்டர் ஒண்ணு வாங்கிக்குங்க சார், யூஎஸ்பில சொருகினா போதும்" என்பார்கள். வாங்கி வந்த பிறகுதான் அடுத்த கேள்வி முளைக்கிறது. தட்டைப் படிப்பதோடு எழுதவும் தெரிந்த கருவி அது. எதில் எழுதுவது? மைனஸ் ஆர், பிளஸ் ஆர், மைனஸ் ஆர்டபிள்யூ, பிளஸ் ஆர்டபிள்யூ என்று கடைக்காரர் அடுக்குகிறார். விலை கொஞ்சம் கூடினாலும், அழித்து அழித்து எழுதலாம் என்கிற ஆர்டபிள்யூவின் மேல்தான் பலருக்கும் கண் போகிறது. ஒன்று வாங்கினால் ஆயிரம் தடவை எழுதலாமே என்ற கணக்கு.

கணக்கு சரிதான். ஆனால் கல்யாண வீடியோவை யாரும் ஆயிரம் தடவை எழுதப் போவதில்லை.

இத்தனை பெயர்கள் எப்படி வந்தன என்பது ஒரு பங்காளிச் சண்டைக் கதை. டிவிடி 1996இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது அது படம் பார்ப்பதற்கான தட்டு மட்டுமே. அடுத்த ஆண்டே பயனியர் நிறுவனம், ஒரு தடவை எழுதக்கூடிய டிவிடி மைனஸ் ஆரைக் கொண்டுவந்தது. 1998இல் கணினிக்கான டிவிடி ராம் வந்தது. 1999இல் அழித்தெழுதும் மைனஸ் ஆர்டபிள்யூ. இவை எல்லாம் டிவிடி ஃபோரம் என்ற கூட்டமைப்பின் குடையின் கீழ் வந்தவை. அந்தக் குடை பிடிக்காத சோனி, பிலிப்ஸ், ஹெச்பி, ரிக்கோ போன்ற நிறுவனங்கள் தனியாகக் கூடி, பிளஸ் ஆர்டபிள்யூ என்று இன்னொன்றை உருவாக்கின. அதற்கான டிரைவ்கள் 2001இல் கடைக்கு வந்தன. அடுத்த ஆண்டு பிளஸ் ஆரும் சேர்ந்துகொண்டது.

வாங்குகிறவர் பாடுதான் திண்டாட்டம். மைனஸ் டிரைவில் பிளஸ் தட்டு எழுதாது. பிளஸ் டிரைவில் மைனஸ் எழுதாது. தப்பான கட்சியில் பணத்தைப் போட்டுவிட்டோமோ என்று பயந்து வாங்காமலே இருந்தவர்கள் ஏராளம். 2002இன் கடைசியில் சோனியின் டிஆர்யூ 500ஏ என்ற டிரைவ் இரண்டையும் எழுதும் என்று வந்த பிறகுதான் சண்டையின் வேகம் தணிந்தது. பின்னாளில் லேப்டாப் டிரைவ்களின் முகப்பில் 'சூப்பர் மல்டி' என்று ஒட்டியிருந்தார்களே, அதற்கு அர்த்தம் இதுதான்: மைனஸ், பிளஸ், ராம் எல்லாம் எழுதும். இன்று வாங்கும் எந்த யூஎஸ்பி ரைட்டரிலும் இந்தக் கவலை இல்லை. சண்டை முடிந்தாலும் தட்டுகளின் பெயர்கள் மட்டும் தங்கிவிட்டன.

லேப்டாப்புக்கு இந்த வசதி தாமதமாகத்தான் வந்தது. ஆப்பிள் தன் பவர் மேக் ஜி4 மேசைக் கணினியில் 2001 ஜனவரியில் டிவிடி எழுதும் டிரைவை வைத்தது. அதே வசதி பவர்புக் லேப்டாப்புக்கு வர 2002 நவம்பர் ஆனது. அப்போதும் வேகம் 1எக்ஸ்தான். டிவிடியில் 1எக்ஸ் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 1.385 எம்பி. 4.7 ஜிபி தட்டு நிரம்ப ஒரு மணி நேரம் பிடிக்கும். அந்தக் காலத்து லேப்டாப்புகளில் பரவலாக இருந்தது 'காம்போ டிரைவ்'. டிவிடியைப் படிக்கும், சிடியை எழுதும், டிவிடியை எழுதாது. பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்து, "டிவிடி இருக்கே, ஏன் எழுதமாட்டேங்குது" என்று மல்லுக்கட்டுகிறவர்கள் முதலில் முகப்பைப் பார்ப்பது நல்லது. அங்கே டிவிடி ராம் என்றோ டிவிடி ஆர்டபிள்யூ என்றோ இல்லாமல் 'டிவிடி ரோம்' என்று மட்டும் இருந்தால் அது டிவிடியைப் படிக்க மட்டுமே தெரிந்த டிரைவ்.

மேசைக் கணினியின் டிரைவ் நாலு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு பெட்டி. லேப்டாப்பில் அதையே 12.7 மில்லிமீட்டருக்குள் அடக்கினார்கள். பிறகு 9.5. தட்டு வெளியே வரும்போது கவனித்தால் வித்தியாசம் தெரியும். மேசைக் கணினியில் தட்டு வைக்கும் பலகை மட்டும் வெளியே வரும். லேசர் உள்ளேயே இருக்கும். லேப்டாப்பில் தட்டைச் சுழற்றும் மோட்டார், லேசர் கண்ணாடி, அது முன்னும் பின்னும் ஓடும் தண்டவாளம் என எல்லாமே பலகையோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். நடுவிலிருக்கும் குமிழில் பொடிப் பொடியாக மூன்று பிடிகள். தட்டின் ஓட்டையை அதில் பொருத்தி 'டக்'கென்று அழுத்தினால்தான் பிடிக்கும். அழுத்தும்போது பலகையின் அடியில் இன்னொரு கையைக் கொடுத்துத் தாங்க வேண்டும். அப்படிச் செய்யாமல் மேலிருந்தே அழுத்தி அழுத்திப் பலகை சாய்ந்துபோன டிரைவ்கள் எத்தனையோ. லேசர் கண்ணாடி திறந்தபடி வெளியே வருவதால் தூசியும் சுலபமாகப் படியும். விரலாலோ துணியாலோ துடைக்காமல், கேமரா கடையில் கிடைக்கும் ரப்பர் ஊதியால் ஊதிவிட்டாலே பாதிக் கோளாறு தீர்ந்துவிடும். தட்டு உள்ளே மாட்டிக்கொண்டு வர மறுத்தால், முகப்பில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை இருக்கும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி அதில் நேராகச் செலுத்தி அழுத்தினால் பலகை வெளியே துள்ளும்.

சரி, ஒரு தட்டு எப்படி அழிகிறது, எப்படித் திரும்ப எழுதப்படுகிறது?

ஒரு தடவை எழுதும் தட்டைக் கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பக்கம் ஊதா சாயலில் இருக்கும். அங்கே இருப்பது ஒரு சாயப் பூச்சு. லேசர் பட்ட இடத்தில் சாயம் வெந்து நிரந்தரமாக மாறிவிடுகிறது. வெந்ததை வேகாததாக்க முடியாது. ஆர்டபிள்யூ தட்டின் அடிப்பக்கம் மங்கிய சாம்பல் நிறத்தில் உலோகப் பளபளப்போடு இருக்கும். அங்கே வெள்ளி, இண்டியம், ஆன்டிமணி, டெலூரியம் சேர்ந்த கலவை ஒன்று மிக மெல்லிய படலமாகப் பூசப்பட்டிருக்கிறது. இந்த வகைக் கலவைகளின் குணத்தை 1960களில் உலகுக்குக் காட்டியவர் ஸ்டான்ஃபோர்ட் ஓவ்ஷின்ஸ்கி என்ற அமெரிக்கர்; கல்லூரிப் படிப்பு இல்லாமல் தானே கற்றுத் தேர்ந்தவர்.

சர்க்கரைப் பாகை மெதுவாக ஆறவிட்டால் கற்கண்டு கட்டும். சட்டென்று ஆறவைத்தால் கண்ணாடி மாதிரி மிட்டாயாகும். பொருள் ஒன்றேதான், உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம் வேறு. தட்டிலும் அதுதான் நடக்கிறது. லேசர் ஒரு புள்ளியைப் பல நூறு டிகிரிக்குச் சூடாக்கி உருக்கிவிட்டு, நொடியின் மிகச் சிறிய துணுக்குக்குள் விலகுகிறது. புள்ளி ஒழுங்கில்லாமல் உறைந்துபோகிறது. ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்புகிறது. அதையே உருகாத அளவுக்கு, சுமார் 200 டிகிரிக்கு மட்டும் சூடாக்கினால் அணுக்கள் மறுபடி வரிசையில் வந்து நிற்கின்றன. ஒளி நன்றாகத் திரும்புகிறது. மங்கலும் பளிச்சும் மாறி மாறி வருவதுதான் எழுத்து. எல்லாவற்றையும் பளிச்சாக்கிவிட்டால் அழித்தாயிற்று. புள்ளிகள் ஓடும் தடத்துக்கும் பக்கத்துத் தடத்துக்கும் இடைவெளி 0.74 மைக்ரான். உள்ளிருந்து வெளியே சுருண்டு போகும் அந்தத் தடத்தைப் பிரித்து நீட்டினால் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் வரும். கையடக்கப் பெட்டிக்குள் இத்தனையும் பிசகாமல் நடக்கிறது என்பதை நினைத்தால், அவ்வப்போது ஒரு தட்டு கெட்டுப்போவதற்காகக் கோபப்படத் தோன்றாது.

தயாரிப்பாளர்கள் ஆர்டபிள்யூ தட்டுக்குச் சொல்லும் ஆயுள் சுமார் 1,000 தடவை. டிவிடி ராமுக்கு ஒரு லட்சம். ராம் தட்டு கணினிக்காகவே வடிவமைக்கப்பட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பரப்பெங்கும் குட்டிக் குட்டிக் கட்டங்கள் தெரியும். நல்ல சரக்குதான். ஆனால் வீட்டு டிவிடி பிளேயர்கள் பெரும்பாலும் அதைச் சீந்தவில்லை. நம் ஊர்க் கடைகளிலும் அது பெரிதாகப் புழங்கவில்லை. எனவே நடைமுறையில் தேர்வு மைனஸ் ஆர்டபிள்யூவா, பிளஸ் ஆர்டபிள்யூவா என்பதுதான்.

லேப்டாப்பில் கோப்புகளைப் போட்டு எடுப்பதற்கு பிளஸ் ஆர்டபிள்யூ வசதி. பழையதன் மேலேயே நேரடியாக எழுதிக்கொண்டு போகும். தட்டைத் தயார்செய்யும் வேலையைப் பின்னணியில் தானே பார்த்துக்கொள்ளும். மைனஸ் ஆர்டபிள்யூவைப் பொதுவாக முதலில் அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். அழிப்பதிலும் இரண்டு விதம். 'குவிக்' என்பது முகவரிப் பட்டியலை மட்டும் துடைக்கும். ஓரிரு நிமிடத்தில் முடியும். 'ஃபுல்' என்பது முழுத் தட்டையும் சுற்றி வரும். எழுத ஆகும் நேரம் ஆகும். தட்டில் பான் கார்டு நகலோ வங்கிக் கணக்கு விவரமோ இருந்து அதை வேறொருவருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் 'குவிக்' போதாது.

டிவியில் போட்டுப் பார்ப்பதென்றால் கதை வேறு. கடையில் வாங்கும் சினிமா டிவிடி, தன் மேல் விழும் ஒளியில் 45 முதல் 85 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஆர்டபிள்யூ அனுப்புவது 18 முதல் 30 சதவீதம்தான். இரட்டை அடுக்குத் தட்டும் கிட்டத்தட்ட இதே அளவுதான் அனுப்பும் என்பதால், பழைய பிளேயர்கள் சில ஆர்டபிள்யூவை இரட்டை அடுக்கு என்று நினைத்து இரண்டாவது அடுக்கைத் தேடித் தேடி, கடைசியில் 'நோ டிஸ்க்' என்று கைவிரித்துவிடும். ஊரில் இருக்கும் மாமாவுக்கு அனுப்புவதற்கு ஆர்டபிள்யூ வேண்டாம் என்பதற்கு இதுவே போதுமான காரணம். அவர் வீட்டுப் பிளேயரின் குணம் யாருக்குத் தெரியும்?

இதைவிடப் பரவலான சிக்கல் ஒன்று மென்பொருளில் இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் சிடி மட்டும்தான் நேரடியாக எழுத முடியும். டிவிடிக்கு நீரோ மாதிரி ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. விஸ்டாவிலிருந்து விண்டோஸே டிவிடி எழுதும். காலித் தட்டைப் போட்டதும், இதை எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று ஒரு பெட்டி கேட்கும்: யூஎஸ்பி பென்டிரைவ் போலவா, அல்லது சிடி டிவிடி பிளேயருக்கா? பலரும் முதலாவதையே அழுத்துகிறார்கள். அதில் கோப்புகளை இழுத்துப் போடலாம், ஒவ்வொன்றாக அழிக்கலாம். ஆனால் அந்தத் தட்டு பெரும்பாலும் கணினியில்தான் திறக்கும். டிவிக்கோ காருக்கோ என்றால் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவது முறையில் எல்லாக் கோப்புகளையும் சேர்த்து ஒரே மூச்சில் எழுதும். இடையில் ஒன்றை மட்டும் அழிக்க முடியாது. எழுதி முடித்ததும் சரிபார்க்கவா என்று கேட்கும் வசதி இம்க்பர்ன் போன்ற மென்பொருள்களில் உண்டு. நேரம் இரட்டிப்பாகும்தான். ஆர்டபிள்யூவில் அதைத் தவிர்ப்பது வீண் அவசரம்.

தட்டின் மேல் 4.7 ஜிபி என்று அச்சிட்டிருக்க, விண்டோஸ் 4.38 என்று காட்டுவதைப் பார்த்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தால் வகுக்கிறார், விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது. அவ்வளவே.

வேகத்தில் கவனிக்க வேண்டியது டிரைவைவிடத் தட்டை. லேப்டாப் டிரைவ்கள் ஒரு தடவை எழுதும் தட்டில் 8எக்ஸ் வரை போகும். மேசைக் கணினியில் 16, 20 என்று பறப்பவற்றோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஒல்லியான மோட்டாரால் அவ்வளவு வேகத்தில் தட்டை அதிராமல் சுற்ற முடியாது. அழித்தெழுதும்போது இன்னும் மெதுவாகும். 4எக்ஸில் ஒரு முழுத் தட்டுக்குக் கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். அதிவேகத் தட்டு வாங்கினால் பழைய டிரைவிலும் வேகமாக எழுதும் என்று நினைப்பது தவறு. சில நேரம் எழுதவே எழுதாது. முதல் 4எக்ஸ் டிவிடி மைனஸ் ஆர் தட்டுகள் வந்த சமயத்தில், தன்னுடைய ஆரம்பகால டிரைவ்களில் அவற்றைப் போட்டு எழுத முயன்றால் டிரைவே பழுதாகலாம், உள் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டுப் போடுங்கள் என்று பயனியரே எச்சரிக்க வேண்டிவந்தது. பத்து வருடப் பழைய லேப்டாப்பில் எழுதுகிறவர் 4எக்ஸ் ஆர்டபிள்யூ தட்டு கிடைத்தால் அதோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

உள்ளேயே டிரைவ் இருந்த லேப்டாப்புகள் மறையத் தொடங்கியது 2008இல். அந்த ஆண்டு வந்த மேக்புக் ஏரில் டிரைவுக்கு இடமே வைக்கவில்லை. வேண்டுமென்றால் வெளியில் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்றது ஆப்பிள். அன்று அது அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்தது. 2012இல் மேக்புக் புரோவின் ரெட்டினா மாடலிலிருந்தும் டிரைவ் போனது. ஒல்லி லேப்டாப் மோகம் மற்ற நிறுவனங்களையும் அதே வழியில் இழுத்துச் சென்றது.

அதனால் இப்போது யூஎஸ்பி ரைட்டர்தான் கதி. இதில் ஏற்படும் கோளாறுகளில் பெரும்பங்கு மின்சாரத்தால் வருவது. யூஎஸ்பி 2.0 துளை தரக்கூடியது 500 மில்லி ஆம்பியர். தட்டைச் சுழற்றத் தொடங்கும்போதும் எழுதும்போதும் டிரைவ் ஓர் ஆம்பியருக்கும் மேலே கேட்கும். படிக்கும்போது ஒழுங்காக ஓடி, எழுதும்போது மட்டும் பாதியில் நின்றுவிடும் ரைட்டரைக் கெட்டுப்போனது என்று குப்பையில் போடுவதற்கு முன் வேறு துளையில் மாட்டிப் பார்க்க வேண்டும். யூஎஸ்பி 3.0 துளை 900 மில்லி ஆம்பியர் தரும். சில ரைட்டர்களோடு இரண்டு தலை உள்ள கேபிள் கொடுப்பதும் இதற்காகத்தான். இரண்டு தலையையும் சொருக வேண்டும். தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் ரைட்டரை மாட்டவே கூடாது. எழுதும்போது லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும். மூடி வைத்தால் தூங்கிவிடும் அமைப்பையும் அந்த நேரத்துக்கு நிறுத்தி வைக்கலாம்.

இப்போது கல்யாண டிவிடி. ஸ்டூடியோக்காரர்கள் கொடுத்த தட்டைத் திறந்தால் வீடியோ_டிஎஸ் என்றொரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் விஓபி என்று முடியும் கோப்புகள், ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்கு உள்ளாக. அந்த ஃபோல்டரை அப்படியே ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டால் விஎல்சி பிளேயரில் ஓடும். முகூர்த்தம் ஒரு தட்டு, ரிசப்ஷன் ஒரு தட்டு என்று இரண்டு மூன்று இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபோல்டர் வைத்துப் பெயரிட்டுக்கொள்ள வேண்டும். எல்லாத் தட்டிலும் உள்ளே கோப்புப் பெயர்கள் ஒரே மாதிரி இருப்பதால் ஒன்றின் மேல் ஒன்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. அதன்பின் மறுபடி தட்டில் எழுதி வைக்க விரும்பினால், ஒரு தடவை எழுதும் தட்டில் எழுதுவதே சரி. கைதவறி அழிக்க முடியாததுதான் அதன் பலம். ஆர்டபிள்யூவில் ஒரு தவறான கிளிக்கில் தாலி கட்டும் காட்சி போய்விடும். இன்னும் நீண்ட காலத்துக்கு என்று நினைப்பவர்களுக்கு எம்-டிஸ்க் என்ற தட்டும் இருக்கிறது. சாயத்துக்குப் பதிலாகக் கனிமப் படலம் கொண்டது. அதை எழுத லேசருக்குக் கூடுதல் சக்தி வேண்டும் என்பதால் அதற்கென்று ஒத்துவரும் ரைட்டரா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஆர்டபிள்யூ அப்போது எதற்கு? சோதித்துப் பார்ப்பதற்கு. வீடியோவை டிவிடியாக அமைத்து, மெனு சரியாக வேலை செய்கிறதா என்று ஓட்டிப் பார்த்துத் திருத்தி, கடைசியில் நல்ல தட்டில் எழுதுகிறவர்களுக்கு அது வரம். பழைய கணினிகளில் இயங்குதளத்தை நிறுவித் தருகிற சர்வீஸ் ஆட்கள், பென்டிரைவிலிருந்து கிளம்பத் தெரியாத கணினிகளுக்காக ஒரு ஆர்டபிள்யூவைப் பையில் வைத்திருப்பார்கள். புதுப் பதிப்பு வந்தால் அழித்துவிட்டு அதை எழுதிக்கொள்வார்கள். பென்டிரைவ் மலிவாகும் வரை கல்லூரி மாணவர்கள் புராஜெக்டைச் சுமந்ததும் இதில்தான். வந்த காலம் அப்படி. பிளாப்பி போய், பென்டிரைவ் வருவதற்கு இடைப்பட்ட சில வருடங்களே அதற்கு வாய்த்தன.

தட்டு கிடைப்பதும் அருகிவருகிறது. நொய்டாவில் தொழிற்சாலைகள் வைத்து உலகுக்கே காலித் தட்டுகள் ஏற்றுமதி செய்த மோசர் பேர், 34 ரூபாய்க்கு சினிமா டிவிடி விற்று திருட்டு விசிடியோடு மல்லுக்கு நின்றது. சசி இயக்கிய 'பூ' மாதிரி தமிழ்ப் படங்களையும் எடுத்தது. 2018இல் அந்த நிறுவனத்தைக் கலைத்துச் சொத்துகளை விற்க உத்தரவாகிவிட்டது. சோனி 2025 பிப்ரவரியில் எழுதும் வகை புளூ ரே தட்டுகளின் தயாரிப்பை நிறுத்தியது. டிவிடி தட்டுகள் இன்னும் கிடைக்கின்றன. பெயர் தெரியாத பிராண்டில் ஐம்பது அடங்கிய டப்பா வாங்குவதைவிட, தெரிந்த பிராண்டில் பத்து வாங்குவது மேல்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த சினிமா டிவிடியைப் போடும்போது, மண்டலத்தை (ரீஜன் கோடு) மாற்றவா என்று கணினி கேட்டால் அவசரப்பட்டு ஆமாம் சொல்ல வேண்டாம். இந்தியா 5ஆவது மண்டலம். மண்டலத்தை ஐந்து தடவைதான் மாற்ற முடியும். கடைசியாக எதில் நின்றதோ அதிலேயே டிரைவ் உறைந்துவிடும். இந்தக் கணக்கு லேப்டாப்பில் அல்ல, டிரைவுக்குள்ளேயே இருக்கிறது.

உடைந்துபோன பழைய லேப்டாப் வீட்டில் கிடந்தால், புது ரைட்டர் வாங்கும் முன் அதையும் ஒரு தடவை கழற்றிப் பார்க்கலாம். பல மாடல்களில் அடியிலுள்ள ஒரே ஒரு திருகைக் கழற்றினால் டிரைவ் அப்படியே உருவிக்கொண்டு வரும். அதை உள்ளே வைத்து மாட்ட யூஎஸ்பி பெட்டி தனியாகக் கிடைக்கிறது. வாங்கப் போகும்போது டிரைவையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். அதன் தடிமன் 12.7 மில்லிமீட்டரா 9.5ஆ என்பதையும், பின்பக்க இணைப்பு பழைய ஐடிஇயா, சாட்டாவா என்பதையும் பார்த்துத்தான் பெட்டி வாங்க வேண்டும். ஒன்றுக்கு வாங்கியது மற்றொன்றுக்குப் பொருந்தாது.